வீட்டுக்கு வந்த பிறகும் கட்டாய மனநல சிகிச்சையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

லண்டனில் இருக்கும் என் தம்பியை 'சிடிஓ' போட்டு டிஸ்சார்ஜ் செய்திருக்கிறார்கள். மாத்திரை வேண்டாம் என்றால் வீட்டுக்கே வந்து ஊசி போட்டுவிடுவார்களா?

மாட்டார்கள். சிடிஓ என்பது சமூக சிகிச்சை ஆணை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2008 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முடிவெடுக்கும் திறன் உள்ளவர் மறுத்தால், வீட்டில் வைத்து வலுக்கட்டாயமாக மருந்து கொடுக்க அதில் இடமில்லை. பொறுப்பு மருத்துவர் எழுத்து மூலம் அவரை மருத்துவமனைக்குத் திரும்ப அழைக்கலாம். அங்கே 72 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். அதற்குள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அல்லது ஆணையை ரத்து செய்து வார்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நேர மாத்திரை விட்டுப்போனது மட்டும் திரும்ப அழைக்கக் காரணம் ஆகாது. மருத்துவமனையில் சிகிச்சை தேவை, இல்லாவிட்டால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை பொதுவாக இருக்க வேண்டும்.

முதல் ஆணை 6 மாதம். அடுத்து இன்னொரு 6 மாதம். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். ஒவ்வொரு காலகட்டத்திலும் தீர்ப்பாயத்தில் முறையிட உரிமை உண்டு. ஆணைத் தாளை வாங்கி, அதில் எழுதியுள்ள நிபந்தனைகளைத் தம்பியோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள்.

இந்த ஆணையால் உண்மையிலேயே பலன் உண்டா?

இதற்கென்றே இங்கிலாந்தில் நடந்தது ஆக்டெட் ஆய்வு. டாம் பர்ன்ஸ் தலைமையிலான குழு 2013-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டது. சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் மனநோய்) உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 166 பேருக்கு சிடிஓ. 167 பேருக்கு 'செக்‌ஷன் 17' எனப்படும், மருத்துவமனையிலிருந்து குறுகிய கால விடுப்பு. ஓராண்டுக்குள் மீண்டும் அட்மிட் ஆனவர்கள் முதல் குழுவில் 59 பேர், இரண்டாவதில் 60 பேர். இரண்டும் 36 சதவீதம்தான்.

கட்டாயத்தின் கீழ் இருந்த காலமோ சிடிஓ குழுவில் நடுமதிப்பாக 183 நாள், விடுப்புக் குழுவில் 8 நாள். ஒருவரின் சுதந்திரத்தை அத்தனை நாள் கட்டிவைத்தும் அட்மிஷன் குறையவில்லை என்பதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இரு குழுவுக்கும் சமூக மனநலக் குழுவின் கவனிப்பு கிடைத்தது. ஆகவே கவனிப்பே வீண் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்வது தவறு.

ஆணை போட்ட பிறகு அண்ணனின் அட்மிஷன் குறைந்ததைக் கண்ணால் பார்த்தோமே?

பார்த்தது உண்மைதான். ஆனால் ஆணை எப்போது போடப்படுகிறது? நோய் உச்சத்தில் இருந்து, அடுத்தடுத்து அட்மிட் ஆன பிறகு. உச்சத்துக்குப் பின் ஆணை இல்லாமலேயே பலருக்கு நிலை இறங்கி வரும். முன்-பின் ஒப்பீட்டில் அந்த இறக்கமும் ஆணையின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதைப் பிரித்துக் காட்டத்தான் குலுக்கல்.

அமெரிக்க ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றனவே?

வட கரோலினா ஆய்வில் (1999) 264 பேர். மொத்தமாகப் பார்த்தால் அட்மிஷனில் வித்தியாசம் இல்லை. 180 நாளோ அதற்கு மேலோ ஆணை நீடித்து, சேவையும் அடிக்கடி கிடைத்தவர்களுக்குக் குறைந்தது. ஆனால் யாருக்கு நீட்டிப்பது என்பது குலுக்கலில் முடிவானதல்ல, அங்கேதான் சறுக்கல். நியூயார்க் ஆய்விலும் (2001, 142 பேர்) பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டையும் சேர்த்து, ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு போட்ட கணக்குப்படி, ஒரு அட்மிஷனைத் தவிர்க்க 85 பேருக்கு ஆணை போட வேண்டும். ஒரு நல்ல செய்தியும் உண்டு: வட கரோலினாவில் ஆணையில் இருந்தவர்கள் குற்றங்களுக்குப் பலியாவது குறைந்தது.

இந்தியாவில் இப்படி ஆணை இல்லையே. மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் சிடிஓ இல்லைதான். அவசரநிலையில் மட்டும், நியமனப் பிரதிநிதி (சிகிச்சை விஷயத்தில் நோயாளியின் சார்பில் நிற்பவர்) இருந்தால் அவர் சம்மதத்தோடு, மருத்துவமனைக்கு வெளியிலும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம்.

ரசத்தில் பொடித்துக் கலப்பது வேண்டாம். பாதித் தட்டு மிச்சமானால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று தெரியாது. கை விறைத்தால் பக்கவிளைவு என்று அவரால் சொல்லவும் முடியாது. குளோசபின் என்ற மனநோய் மருந்து என்றால் இன்னும் ஆபத்து: தொடக்கத்தில் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை வேண்டும், 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலிருந்து தொடரக் கூடாது, 12.5 மி.கி.யிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் வீட்டுச் சாப்பாட்டையே தொடமாட்டார். மாத்திரைதான் தொல்லை என்றால், மாதம் ஒருமுறை போடும் டிப்போ ஊசி பற்றி அவரையும் அழைத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் பேசுங்கள்.