இலை இருக்கிறது, பூ எங்கே? அல்லிக் குளம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டுக் கொல்லையில் இரண்டரை அடி ஆழத்துக்குக் குளம் வெட்டி, அல்லித் தொட்டியை அடியில் இறக்கி எட்டு மாதம் ஆகிறது. இலை வந்துகொண்டே இருக்கிறது, ஒரு மொட்டுகூட இல்லை. நடுவில் சின்ன ஃபவுண்டன் ஓடுகிறது, மதியத்துக்கு மேல் மரத்தின் நிழல் விழுகிறது. என்ன தவறு செய்தேன்?

காரணம் ஒன்றல்ல, மூன்று இருக்கின்றன, மூன்றையும் உங்கள் கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள். முதலில் வெயில். அல்லிக்கு ஒரு நாளைக்கு ஐந்து ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அது குறைந்தால் செடி சாகாது, இலை விட்டுக்கொண்டே காலத்தை ஓட்டும், பூக்க மட்டும் செய்யாது. மரத்தை வெட்டச் சொல்லவில்லை, தொட்டியைக் குளத்தின் வெயில் விழும் பக்கத்துக்கு நகர்த்துங்கள், இரண்டு கிளையைக் கழித்துவிடுங்கள், அநேகமாக அதுவே போதும். அடுத்தது ஃபவுண்டன். அல்லி ஓடாத தண்ணீரில் வளரும் செடி. அதன் இலை மூச்சு விடுவது மேல்பக்கத்தில் இருக்கிற நுண்துளைகள் வழியாக, நிலத்துச் செடிகள் பலவற்றில் அவை அடிப்பக்கம் இருக்கும். அந்த மேல்பக்கத்தில் நாள் முழுக்கத் தண்ணீர் தெறித்தால் இலை எப்படித் தாங்கும்? ஃபவுண்டனை மூலைக்குத் தள்ளுங்கள், தெறிப்பு எட்டாத தூரத்தில் அல்லி இருக்கட்டும்.

மூன்றாவது ஆழம். இளஞ்செடியின் குருத்துக்கு மேலே அரையடித் தண்ணீர் இருந்தால் போதும். நீங்கள் எடுத்த எடுப்பில் அடியில் இறக்கியதால், கிழங்கில் இருந்த சக்தியெல்லாம் தண்டை நீட்டி இலையை மேலே சேர்ப்பதிலேயே செலவாகிவிட்டது. செங்கல் அடுக்கித் தொட்டியை உயர்த்துங்கள், செடி தேறத் தேற ஒவ்வொரு கல்லாக எடுத்து ஒன்று, ஒன்றரை அடி வரை இறக்கிக்கொள்ளலாம். தண்ணீர் ஏறினால் தண்டும் ஏறும் செடிதான் இது, ஆனால் அந்தப் பலம் வருவதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

கேள்வி: எந்த மண்ணில் வைப்பது? பூந்தொட்டிக்கு வாங்கிய கலவையில் வைத்தேன், பாதி மேலே மிதந்துவிட்டது, மீதி நாறுகிறது.

நாறத்தான் செய்யும். தென்னை நார்த்தூள், மட்கு, இலையுரம் எல்லாம் நிலத்துச் செடிக்கு அமுதம், தண்ணீருக்கு அடியில் அவை காற்றில்லாமல் அழுகும், கிழங்கையும் சேர்த்து அழுக வைக்கும். அல்லிக்கு வேண்டியது கனமான களிமண் கலந்த சாதாரணத் தோட்டத்து மண், வேறொன்றும் கலக்கத் தேவையில்லை. தொட்டி ஆழமாக இருப்பதைவிட அகலமாக இருக்க வேண்டும். ஓட்டையில்லாத பிளாஸ்டிக் பேசின், ஒன்றேகால் அடி அகலம், முக்கால் அடி உயரம் இருந்தால் நல்ல தொட்டி.

நடும் விதத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள். குளிர் தாங்கும் அல்லியின் கிழங்கு இஞ்சி மாதிரி கிடையாகப் படரும், ஒரு முனையில்தான் குருத்து. அதைத் தொட்டியின் ஓரத்தில் சாய்வாக வைத்து, குருத்து நடுவைப் பார்த்தபடி, மண்ணுக்கு வெளியே மூக்கை நீட்டியபடி இருக்க வேண்டும். வெப்பமண்டல அல்லிக்கு உருண்டைக் கிழங்கு, அதை நடுவில் வையுங்கள். உங்களிடம் இருப்பது எது என்று தெரியவில்லையென்றால் இலையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பல் பல்லாக இருந்து, பூவும் தண்ணீருக்கு மேலே தலைதூக்கி நின்றால் அநேகமாக வெப்பமண்டல வகை. விளிம்பு வழவழப்பாக, பூ தண்ணீர் மேலேயே படுத்திருந்தால் மற்றது. மண்ணின் மேலே ஒரு அங்குலம் கூழாங்கல் பரப்பிவிட்டால் மீன் கிளறாது. உரத்தை ஒருபோதும் தண்ணீரில் போடாதீர்கள். மெதுவாகக் கரையும் உர மாத்திரையை மாதம் ஒருமுறை, விரல் நீளத்துக்கு மண்ணுக்குள் அழுத்திக் குழியை மூடிவிடுங்கள், செடி வளராத குளிர் மாதங்களில் அதுவும் வேண்டாம்.

கேள்வி: குளத்துத் தண்ணீர் பச்சைப் பசேலென்று ஆகிவிடுகிறது. வாரம் ஒருமுறை முழுதாக மாற்றியும் மூன்றாம் நாளே பழையபடி ஆகிறது.

மாற்றுவதை முதலில் நிறுத்துங்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் என் முதல் குளத்தில் நானும் ஒரு கோடை முழுக்க இறைத்து இறைத்து ஊற்றினேன், பச்சை போகவில்லை, பாவம் அல்லிதான் ஒவ்வொரு முறையும் அதிர்ந்து இலை உதிர்த்தது. அந்தப் பச்சை, கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. வெயிலும் கரைந்த சத்தும் இருக்கிற இடத்தில் அது பெருகும். புதுத் தண்ணீர் ஊற்றும்போது அதில் கரைந்திருக்கும் உப்புகளைப் பாசிக்குப் புதிதாகப் பரிமாறுகிறோம், அதோடு அதைத் தின்று கட்டுக்குள் வைக்கத் தொடங்கியிருந்த நுண்ணுயிர்களையும் வெளியே கொட்டிவிடுகிறோம். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

அப்புறம் அல்லியே உங்களுக்கு வேலை செய்யும். இலைகள் நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு வரை மூடியதும் கீழே வெளிச்சம் குறையும், பாசி தானாகத் தளரும். அதுவரை இரண்டு மூன்று மாதம் பச்சைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வேண்டும், அதுதான் கஷ்டம். மீனுக்குத் தீனியைக் குறையுங்கள், மஞ்சளான இலையை அழுகுமுன் தண்டோடு அடியில் நறுக்கி எடுங்கள். இலை பழுப்பதே நோய் என்று பயப்பட வேண்டாம், ஒவ்வொரு இலைக்கும் சில வாரங்கள்தான் ஆயுசு.

கேள்வி: முதல் முறையாகப் பூத்தது. ஆனால் பூவின் நடுவில் தண்ணீர் தேங்கி, இரண்டு சின்னப் பூச்சிகள் அதில் செத்துக் கிடந்தன. அழுகல் நோயா?

இல்லை, நல்ல சேதி. நீங்கள் பார்த்தது பூவின் முதல் நாள். காலையில் விரிந்ததும் குனிந்து பாருங்கள்: நடுவில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் பளபளவென்று ஒரு திரவம், சுற்றிலும் மகரந்தத் தாள்கள் வேலி மாதிரி நிற்கும். அந்தத் திரவம் மழைத்தண்ணீர் அல்ல, பூவே சுரப்பது. முதல் நாள் பூ பெண்ணாக மட்டும் இருக்கிறது. வேறொரு பூவின் மகரந்தத்தோடு வரும் பூச்சி வழுக்கி உள்ளே விழுந்தால், உடம்பில் இருக்கும் தூள் கரைந்து அடியில் இருக்கும் சூலகமுடியில் படியும். சில பூச்சிகள் ஏறி வந்துவிடும், சில மூழ்கிவிடும். மறுநாள் அதே பூவைப் பாருங்கள், கிண்ணம் வறண்டிருக்கும், தாள்கள் உள்பக்கம் வளைந்து அதை மூடியிருக்கும், இப்போது மகரந்தம் கொடுக்கிற நாள். இப்படி மூன்று நான்கு நாள் திறந்து மூடிவிட்டு, தண்டு பூவைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும், காய் பிடித்தால் அங்கேயே முற்றும். பதினைந்து வருடமாக வளர்க்கிறேன், முதல் நாள் பூ என்றால் இன்னும் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டுத்தான் போய்ப் பார்க்கிறேன்.

கேள்வி: இலையில் யாரோ கத்தரிக்கோலால் வெட்டியது போல முட்டை வடிவத் துண்டுகள் காணோம். மருந்து அடிக்கலாமா?

மருந்து வேண்டாம், மீன் செத்துவிடும், எண்ணெய், சோப்புக் கரைசலும் அப்படியே. இலையைத் திருப்பிப் பாருங்கள். வெட்டிய அதே துண்டு அடியில் ஒட்டியிருக்கும், அதற்குள் ஒரு புழு குடியிருக்கும். நீர்ப்பரப்பில் வாழும் ஒரு வகை அந்துப்பூச்சியின் புழு அது. துண்டோடு பிய்த்து எடுத்துவிடுங்கள், வாரம் இரண்டு தடவை செய்தால் அடங்கிவிடும். கறுப்பாகக் கும்பல் கும்பலாக அசுவினி இருந்தால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் குளத்துக்குள் தள்ளுங்கள், மீன்கள் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: நடக்கப் பழகும் குழந்தை இருக்கும் வீடு. குளம் வைக்கலாமா?

வேலியும் பூட்டும் போடாமல் வைக்காதீர்கள். குழந்தை மூழ்க அரையடித் தண்ணீர் போதும், சத்தமும் கேட்காது. நீர்மட்டத்தில் உறுதியான கம்பி வலை போடலாம், அதன் கண்கள் வழியாக இலை வந்துவிடும், ஆனால் வலை இருக்கிறதே என்று குழந்தையைத் தனியே விடக்கூடாது. குழந்தைக்கு நான்கைந்து வயதாகும் வரை காத்திருக்க முடிந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: மூன்று வருடத்தில் தொட்டி நிரம்பி, இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன, பூவும் குறைந்துவிட்டது. பிரித்தெடுத்த மிச்சத்தை ஊர் ஏரியில் விடலாமா?

பிரிக்க வேண்டிய நேரம்தான். பழைய கிழங்கை வெட்டி எறிந்து, குருத்தோடு ஒரு சாண் துண்டைப் புது மண்ணில் வையுங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள். வெளியிலிருந்து வந்த அல்லி இயற்கையான நீர்நிலைக்குள் புகுந்தால் அங்கே உள்ள செடிகளை மூடிவிடும், அதோடு வேரில் நத்தை முட்டையும் போகும். நண்பர்களுக்குக் கொடுங்கள், இல்லையென்றால் வெயிலில் காயப்போட்டு உரக்குழியில் சேருங்கள்.

கேள்வி: காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருகிறேன். என் அல்லி விரிந்து நான் பார்த்ததே இல்லை.

உங்களிடம் இருப்பது பகலில் பூக்கும் வகை. இரவில் பூக்கும் வகையைத் தேடி வாங்குங்கள். வெள்ளை, இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு கிடைக்கும், நீலம் மட்டும் இல்லை. பொழுது சாய்ந்ததும் விரிந்து மறுநாள் காலை ஒன்பது, பத்து மணி வரை திறந்தே இருக்கும், ஆகவே வந்ததும் ஒருமுறை, கிளம்பும்முன் ஒருமுறை பார்த்துவிடலாம்.