விடுபட்ட பதக்கமும் திருத்த வேண்டிய பதிவும்: வாசகர் கேள்வி – பதில்

பழைய படைவீரர்களின் பதிவேடுகளைப் பற்றியும் வராமல் போன பதக்கங்களைப் பற்றியும் வாசகர்கள் எழுதிய கடிதங்கள் கணிசமாகச் சேர்ந்துவிட்டன. அவற்றுள் ஐந்துக்கு இவ்விதழில் பதில் தருகிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, பெயர்கள் வெளியிடப்படவில்லை.

கேள்வி: என் தந்தையாருக்கு 88 வயது. 1957 மார்ச் மாதம் பிரிட்டிஷ் ராணுவத்தின் ராயல் ஆர்மி சர்வீஸ் கோர் படைப்பிரிவில் உள்ளூர்ப் படைவீரராகச் சேர்ந்து, சிங்கப்பூரின் நீ சூன் முகாமில் லாரி ஓட்டினார். 1960 நவம்பரில் விடுவிக்கப்பட்டார். மலாயாவின் ஜொகூர் முகாம்களுக்கு அரிசியும் டின் உணவும் ஏற்றிச் சென்றதாகச் சொல்வார். அவருடன் லாரி ஓட்டிய சீன நண்பருக்கு ‘மலாயா’ பட்டையுடன் (பதக்க நாடாவில் பணிக்களத்தைக் குறிக்கும் உலோகத் துண்டு) பொதுச் சேவைப் பதக்கம் வந்தது, அப்பாவுக்கு வரவில்லை. பிரிட்டனுக்கு எழுதிக் கேட்டோம். அவர் 1959 மார்ச்சில் சேர்ந்தவர், சிங்கப்பூரில் மட்டும் பணியாற்றியவர், ஆகவே தகுதி இல்லை என்று பதில் வந்தது. பெயரும் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. ஜொகூருக்குப் போனதற்குச் சாட்சி தேடி அலைகிறோம். உடன் இருந்தவர்களில் பலர் இப்போது இல்லை. பெயரைச் சரிசெய்ய டீட் போல் என்னும் பெயர் மாற்றப் பத்திரம் எடுக்கலாமா? முகவர் ஒருவர் பணம் கொடுத்தால் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்.
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அம்மா, ஜொகூர்ச் சாட்சிகளைத் தேடுவதைச் சற்று நிறுத்திவிட்டு, அந்தப் பதிலில் உள்ள ஆண்டைப் பாருங்கள். உங்கள் வழக்கு முழுவதும் அந்த ஓர் இலக்கத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்த மலாயா அவசரகாலத்துக்கான அந்தப் பட்டை, 1948 ஜூன் 16 முதல் 1960 ஜூலை 31 வரை மலாயாவில் பணியாற்றியவர்களுக்கு உரியது. சிங்கப்பூரில் பணியாற்றியவர்களுக்கும் அது உண்டு. ஆனால் சிங்கப்பூருக்கான காலக்கெடு 1959 ஜனவரி 31ஆம் தேதியோடு முடிந்துவிடுகிறது. தரைப்படையைப் பொறுத்தவரை, ஒரு படைப்பிரிவின் ஆள்பட்டியலில் இடம்பெற்று அந்தக் காலத்துக்குள் ஒரு நாள் பணியாற்றியிருந்தாலே போதும். ஆகவே உங்கள் தந்தையார் 1957இல் சேர்ந்தவர் என்றால், அவர் நீ சூன் முகாமைவிட்டு ஒரு நாளும் வெளியே போகாதவராக இருந்தாலும் பதக்கத்துக்குரியவரே. 1959 மார்ச்சில் சேர்ந்தவர் என்றால், சிங்கப்பூருக்கான கெடு முடிந்து ஒரு மாதம் கழித்து வந்தவராகிறார். அப்போதுதான் ஜொகூர்ப் பயணத்தை நிரூபிக்க வேண்டிய தேவையே எழுகிறது. பதில் எழுதிய அலுவலர் விதியைத் தவறாகப் படிக்கவில்லை. அவர் கையிலிருந்த தேதி தவறு. கையால் எழுதிய 7 என்ற இலக்கத்தின் தலைப்பகுதி வளைந்துவிட்டால் அது 9 ஆகத் தெரிவது பழைய தாள்களைப் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல.

இனி, அந்த ஆண்டை எப்படி உடைப்பது? வீட்டு அலமாரியில் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி ஆகியவற்றோடு மொத்தச் சேவைக் காலமும் குறிக்கப்பட்டிருக்கும். 1957 மார்ச்சிலிருந்து 1960 நவம்பர் வரை என்றால் 3 ஆண்டு 8 மாதம். 1959 மார்ச்சிலிருந்து என்றால் 1 ஆண்டு 8 மாதம். தேதி மங்கியிருந்தாலும் இந்தக் கூட்டல் பொய் சொல்லாது. அந்தப் புத்தகம் தொலைந்திருந்தால் சம்பளப் புத்தகத்தைத் தேடுங்கள். அதில் தடுப்பூசி போட்ட தேதிகளும் தேர்ச்சி பெற்ற பயிற்சிகளும் அதிகாரியின் கையெழுத்தோடு பதியப்பட்டிருக்கும். 1958ஆம் ஆண்டில் போட்ட ஒரு தடுப்பூசிக்கான பதிவு, அவர் 1959இல்தான் சேர்ந்தார் என்ற கூற்றை ஒரே அடியில் தள்ளிவிடும். லாரியின் முன் நின்று எடுத்த படங்களின் பின்புறத்தையும் புரட்டிப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரையில் தேதி இருந்தால் அதுவும் துணைச் சான்றாகும். முதன்மைச் சான்று ஆகாது.

அடுத்து, கடிதம். பெரும்பாலோர் செய்வதைப் போல நீங்களும் பதக்கத்தைக் கேட்டுத் தொடங்கியிருக்கிறீர்கள். பதக்க அலுவலகம் தனக்கு முன்னால் இருக்கும் பதிவைப் பார்த்துத் தகுதி உண்டு, இல்லை என்று சொல்லும். பதிவைத் திருத்துவது அதன் வேலை அன்று. எனவே முதல் கடிதம் பதிவை வைத்திருப்பவர்களுக்குப் போக வேண்டும். அதில் பதக்கத்தைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம். தந்தையாரின் சேவைக் கோப்பின் முழு நகலை, குறிப்பாகச் சேர்க்கைப் படிவத்தையும் எந்தப் பிரிவில் எப்போது இருந்தார் என்று காட்டும் தாளையும் கேளுங்கள். உங்களுக்கு முன்பு வந்தது கோப்பைப் பார்த்து யாரோ தட்டச்சு செய்த சுருக்கமாக இருக்கக்கூடும். மூலப்படிவத்தில் 1957 என்று தெளிவாகவே இருந்தாலும் வியப்பதற்கில்லை. தம்மைப் பற்றிய பதிவைக் கேட்கும் உரிமை உயிரோடிருக்கும் படைவீரருக்கு உண்டு. விண்ணப்பத்தில் உங்கள் தந்தையாரே கையொப்பமிடட்டும். கை நடுங்கினாலும் பரவாயில்லை.

இந்தப் பதிவுகள் நெடுங்காலம் கிளாஸ்கோவில் உள்ள ராணுவப் பணியாளர் மையத்தின் பொறுப்பில் இருந்தவை. 2022 முதல் சுமார் 97 லட்சம் பழைய சேவைப் பதிவுகளை லண்டன் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றும் பணி நடந்துவருகிறது. ஆகவே கோப்பு இப்போது எங்கே இருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு எழுதுங்கள். இடம் மாறிப் போன கடிதம் மாதக்கணக்கில் தூங்கும். தந்தையாரின் படைப்பிரிவு 1965இல் ராயல் கோர் ஆஃப் டிரான்ஸ்போர்ட் ஆகி, 1993இல் ராயல் லாஜிஸ்டிக் கோருடன் கலந்துவிட்டது. அதனால் பதிவுகள் அழிந்துவிட்டன என்று பொருளில்லை; விண்ணப்பத்தில் பழைய பெயரையே எழுதுங்கள். திருத்தம் எழுத்தில் கைக்கு வந்த பிறகு, அதன் நகலோடு குளோஸ்டரில் உள்ள பாதுகாப்பு அமைச்சின் பதக்க அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள். முன்பு மறுத்த கடிதத்தையும் மறைக்காமல் இணையுங்கள்.

டீட் போல் வேண்டவே வேண்டாம். அது இன்றிலிருந்து ஒருவர் என்ன பெயரால் அழைக்கப்பட வேண்டும் என்பதைச் சொல்லுமே தவிர, 1957இல் முகாமில் நின்றவர் இவர்தான் என்பதைச் சொல்லாது. இருக்கும் இரண்டு எழுத்துக்கூட்டலோடு மூன்றாவது ஒன்றைக் கூட்டிவிடும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அன்றைய எழுத்தர்கள் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு பட்டியலிட்டதும் உண்டு, முத்துசாமி என்ற ஒரு பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியதும் உண்டு. உங்கள் பாட்டனார் பெயரிலும் தேடச் சொல்லிக் கேளுங்கள். பெயர் எப்படி மாறினாலும் மாறாமல் இருப்பது படையெண். அது ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் இருக்கட்டும். இரண்டு எழுத்துக்கூட்டலும் ஒருவரையே குறிக்கின்றன என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் தந்தையார் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் ஒன்றும், அடையாள அட்டை நகலும் போதும். பதக்கத்தின் விளிம்பில் படையெண்ணும் பெயரும் பொறிக்கப்படும் என்பதால், எந்த எழுத்துக்கூட்டல் வர வேண்டும் என்பதையும் இப்போதே தீர்த்துக்கொள்வது நல்லது.

அந்தச் சீன நண்பர் நலமாக இருந்தால், தம் படையெண்ணையும் இருவரும் ஒன்றாக இருந்த மாதங்களையும் குறித்து ஓர் உறுதிமொழி தரச் சொல்லுங்கள். அவர் ஒருவர் போதும். ஊரெல்லாம் அலைய வேண்டியதில்லை. முகவருக்கு ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள். இதுவரை வழங்கப்படாத பதக்கத்தை முதன்முறையாகக் கேட்பதற்குக் கட்டணம் கிடையாது. தொலைந்த பதக்கத்துக்கு மாற்றுக் கேட்டால்தான் கட்டணம். அவர் எழுதப்போவதும் நீங்கள் எழுதப்போகும் அதே கடிதத்தைத்தான்.

கேள்வி: என் தந்தை 1946 முதல் 1971 வரை செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஃபிட்டராக இருந்தார். அவசரகாலத்திலும் இந்தோனீசிய மோதலின்போதும் இரவும் பகலும் போர்க்கப்பல்களைப் பழுதுபார்த்தவர். ராணுவப் பதிவில் அவர் பெயரே இல்லை. சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: இயலாது, ஐயா. பதிவுத் திருத்தம் என்பது நடந்ததைத் தவறாக எழுதியிருந்தால் சரிசெய்வதற்கானது. தளத்து ஊழியர்கள் படையில் பெயர் பதிந்தவர்கள் அல்லர். பிரிட்டிஷ் அரசின் சிவில் பணியாளர்கள். அவர்கள் இல்லாமல் ஒரு கப்பலும் நகர்ந்திருக்காது என்பது உண்மையே. இந்தக் கோடு அவர்களுக்கு நியாயம் செய்யவில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆயினும் கோடு அங்கேதான் கிழிக்கப்பட்டிருக்கிறது. நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற சிவில் பணியாளர்களுக்கு இம்பீரியல் சேவைப் பதக்கம் என்று ஒன்று வழங்கப்பட்டது. அது பிள்ளைகள் பின்னாளில் கேட்டுப் பெறுவதற்குரியது அன்று. உங்கள் தந்தைக்கு அது அறிவிக்கப்பட்டிருந்தால் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஸட்டில் பெயர் வந்திருக்கும். அதன் பழைய இதழ்களை இணையத்தில் கட்டணமின்றித் தேடலாம். அங்கும் பல எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: என் மாமனார் சிங்கப்பூர்க் காலாட்படையின் முதல் பட்டாளத்தில் இருந்து, 1964இல் சபாவின் செபாத்திக் தீவுக்கு அனுப்பப்பட்டவர். பிரிட்டனின் ‘போர்னியோ’ பட்டைக்கு எழுதலாமா? பிங்காட் ஜாசா மலேசியா கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
– வாசகர், தோ பாயோ

பதில்: எந்த அரசின் படையில் இருந்தாரோ அந்த அரசின் ஏட்டில்தான் பெயர் இருக்கும். முதல் பட்டாளம் 1957இல் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் ராணுவத்தின் பகுதி அன்று. 1963 செப்டம்பர் 16 முதல் 1965 ஆகஸ்ட் 9 வரை நாம் மலேசியாவில் இருந்த காலத்தில், தற்காப்புப் பொறுப்பு கோலாலம்பூரிடம் இருந்தது. எனவே பிரிட்டனுக்கு எழுதுவதில் பயனில்லை. பிங்காட் ஜாசா மலேசியா, மலேசியாவுக்குத் துணை நின்ற பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபிஜி போன்ற வெளிநாட்டுப் படையினருக்காக மலேசிய அரசு ஏற்படுத்தியது. அதிலும் உங்கள் மாமனார் வரமாட்டார். முதலில் நம் தற்காப்பு அமைச்சிடம் அவருடைய சேவை விவரத்தை எழுத்தில் கேளுங்கள். செபாத்திக் பணி அதில் இருக்கிறதா, எந்தத் தேதிகளோடு இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்து யாருக்கு எழுதுவது என்று முடிவு செய்ய முடியும்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து படிக்கப் போய் அமெரிக்காவில் தங்கிவிட்ட என் மச்சான், அந்நாட்டு ராணுவத்தில் சேர்க்கப்பட்டு 1970இல் வியட்நாமில் இருந்தார், 1971இல் விடுவிக்கப்பட்டார். விடுவிப்புத் தாளில் வியட்நாம் சேவைப் பதக்கம் குறிக்கப்படவில்லை. பழைய பதிவுகள் தீயில் எரிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு அவர் கைவிட்டுவிட்டார்.
– வாசகி, பிடோக்

பதில்: எரிந்தது உண்மை, அவருடையது எரிந்திருக்க வாய்ப்பில்லை. 1973 ஜூலை 12ஆம் தேதி செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய தேசியப் பணியாளர் பதிவு மையத்தில் மூண்ட தீயில் 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. ஆனால் தரைப்படையைப் பொறுத்தவரை, 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளே எரிந்தன. அவற்றில் 80 விழுக்காடு போய்விட்டது. 1971இல் வெளிவந்தவர் அந்தக் கணக்கில் வருவதில்லை.

அவர் கையிலிருப்பது டிடி 214 என்னும் விடுவிப்புத் தாள். அதில் ஒரு பதக்கம் விடுபட்டிருந்தால் தாளையே மாற்றமாட்டார்கள். டிடி 215 என்னும் திருத்தத் தாளைத் தனியாக வெளியிட்டு இணைப்பார்கள். வியட்நாமுக்கு அனுப்பிய உத்தரவின் நகல், அங்கிருந்த மாதங்களின் சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு முதலில் அந்த மையத்துக்கே எழுதட்டும். விடுபட்டது எழுத்தர் பிழை என்பது கோப்பிலிருந்தே தெரிந்தால், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். மறுத்தால்தான் டிடி 149 படிவத்தின் மூலம் ராணுவப் பதிவுத் திருத்த வாரியத்திடம் செல்ல வேண்டும். பிழை தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும் என்பது சட்டம். நீதியின் பொருட்டு அந்தக் கெடுவைத் தளர்த்தும் அதிகாரமும் வாரியத்துக்கு உண்டு. தாமதத்துக்கான காரணத்தை, அதாவது கோப்பு எரிந்துவிட்டதாக நம்பியிருந்ததை, அவர் ஒளிக்காமல் எழுதட்டும்.

கேள்வி: பிரிட்டிஷ் படையில் இருந்த எங்கள் தந்தை இறந்துவிட்டார். அவர் பெறாத பதக்கத்தைப் பிள்ளைகள் கேட்கலாமா? நாங்கள் நால்வர்.
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: கேட்கலாம். உரிமை முதலில் அவருடைய மனைவிக்கு. உங்கள் தாயார் இருந்தால் அவர் பெயரில் விண்ணப்பியுங்கள். இல்லையெனில் பிள்ளைகளுக்கு வரும். இறப்புச் சான்றிதழும் உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழும் தேவைப்படும். பதக்கம் ஒன்றுதான் வரும், நால்வருக்கும் பங்கிட முடியாது; யார் பெயரில் கேட்பது என்பதை உங்களுக்குள் பேசி எழுத்தில் வைத்துக்கொண்ட பிறகு உறையை ஒட்டுங்கள்.