வேர்க்காத வெயில் – கடிதம்

அன்புள்ள சார்,

தீபாவளி கழித்து நவம்பரில் குடும்பத்தோடு ஜெய்சல்மேர் போய்வந்தோம். பத்து வருட ஆசை. ஆனால் பட்டது முழுக்க அவஸ்தை. பகலெல்லாம் எனக்குத் தலைவலி, அம்மாவுக்கு மூக்கில் ரத்தம், ராத்திரி கூடாரத்தில் குளிர் தாங்காமல் யாரும் தூங்கவில்லை. ஒட்டகம் எழுந்தபோது பையன் முன்னால் சரிந்து பயந்து அழுதான், சவாரியும் போச்சு. போனில் மணல் புகுந்து சார்ஜ் ஏறவில்லை. மணல் காசிமேட்டிலேயே இருக்கிறதே, இதற்கா இத்தனை தூரம் ரயிலில் போனோம் என்று மனைவி கேட்கிறார். நீங்கள் பலமுறை போயிருக்கிறீர்கள். அங்கே என்னதான் பார்த்தீர்கள்?

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார் என்று நம்புகிறேன். அடுத்த முறை மூக்கின் உள்ஓரத்தில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒட்டகத்தையும் போனையும் விட்டுவிட்டால், நீங்கள் பட்ட மற்ற அவஸ்தைக்கெல்லாம் காரணம் ஒன்றுதான். அங்கே காற்றில் ஈரம் இல்லை. நான் ராயபுரத்தில் பிறந்தவன். முதுகில் சட்டை ஒட்டினால்தான் வெயில் என்று நினைத்து வளர்ந்தவன். முதல் தடவை ஜெய்சல்மேர் பக்கத்துக் கூரி மணல்மேடுகளுக்குப் போனபோது கருநீலச் சட்டை போட்டிருந்தேன். நாள் முழுக்க வேர்க்கவே இல்லை. ஒரு பாட்டில் தண்ணீர்கூடத் தீரவில்லை. சாயங்காலம் தலை விண்விண்ணென்று தெறித்தது. சட்டையைக் கழற்றிப் பார்த்தால் அக்குளிலும் முதுகிலும் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள், கடலுக்குப் போய்த் திரும்புகிறவர்களின் சட்டையில் இருக்குமே, அப்படி. வேர்வை வந்த வேகத்தில் காய்ந்திருக்கிறது. உடம்பில் இருந்த தண்ணீர் எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. ஒட்டகக்காரர் வீட்டில் ஒரு சொம்பு உப்பு மோர் கொடுத்தார்கள். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அங்கே தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது.

ராத்திரிக் குளிரும் அதனால்தான். நம் ஊரில் காற்றின் ஈரம் போர்வை மாதிரி பகல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் மொட்டை மாடியில் படுத்தாலும் புழுங்குகிறது. அங்கே ஈரமும் இல்லை, மேகமும் இல்லை. இருட்டியதும் மணல் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது.

பையனிடம் சொல்லுங்கள், தப்பு அவனுடையது இல்லை. ஒட்டகம் பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும். ஏறியதுமே பின்னால் சாய்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். உட்காரும்போது முன்னங்கால் முதலில் மடங்கும், அப்போதும் பின்னால்தான் சாய வேண்டும். இதை ஏற்றிவிட்டவர் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம், போனை வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரத்தில் மணல் ஒட்டிக்கொள்ளும். கவிழ்த்துத் தட்டி, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்துப் பாருங்கள்.

சரி, என்ன பார்த்தேன் என்றால், தண்ணீரைத்தான். நம் சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. புழல் ஏரியையும் வைத்துக்கொண்டு குடத்தோடு லாரிக்கு நின்றிருக்கிறோம். ஜெய்சல்மேரில் சுமார் 200 மில்லிமீட்டர்தான். அந்த ஊர் 1156-லிருந்து இருக்கிறது, கோட்டைக்குள் இன்றும் குடித்தனம் நடக்கிறது. எப்படி என்று கேட்டுக்கொண்டே போனால், கோட்டையைப் பார்ப்பதற்கு முன்பே கடிசர் ஏரிக்குப் போவீர்கள். மழைநீரைச் சேர்க்க வெட்டியது. பல நூறு வருடம் ஊரே அதைக் குடித்திருக்கிறது.

குல்தாரா என்ற கைவிட்ட கிராமத்துக்கும் கூட்டிப் போயிருப்பார்கள், பேய்க் கதை சொல்லியிருப்பார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அங்கே வாழ்ந்த பாலிவால் பிராமணர்கள் அந்த வறண்ட மண்ணில் கோதுமை விளைத்தவர்கள். சரிவுக்குக் குறுக்கே தாழ்வாக ஒரு மண்கரை. பாறைத் தரையில் ஓடிவரும் மழை அங்கே தேங்கி மண்ணுக்குள் இறங்கும். தண்ணீர் வற்றியதும் அந்த ஈரத்திலேயே விதைப்பார்கள். கதீன் என்று பெயர். அதைக் காட்டாமல் பேயைக் காட்டுகிறார்கள்.

வழியெல்லாம் நின்ற கேஜ்ரி மரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது நம் கோயில்களில் சுற்றிவருகிற வன்னி மரம்தான். ஆழமாக வேர்விட்டுத் தண்ணீரைத் தேடிப் பிடிக்கும். 1730-இல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில் இந்த மரத்தை வெட்டவிடாமல் கட்டிப் பிடித்து பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த 363 பேர் உயிர் கொடுத்திருக்கிறார்கள். முதலில் போனவர் அம்ருதா தேவி என்ற பெண்.

மணல் காசிமேட்டிலும் உண்டு, நிஜம். ஆனால் நம் மணல் காலில் ஒட்டும், கிளிஞ்சல் குத்தும். அந்த மணல் கையில் அள்ளினால் தண்ணீர் மாதிரி ஒழுகிவிடும். சூரிய அஸ்தமனக் கூட்டத்தை விட்டுவிட்டு விடியலில் போனால், காற்று போட்ட வரிகளின் குறுக்கே ராத்திரி வண்டு நடந்துபோன தடம் தையல் போட்டதுபோல் இருக்கும். அடுத்த முறை பையனைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

அதுவரை ஒன்று செய்யலாம். சௌகார்பேட்டையில் மார்வாடி மளிகைக் கடைகளில் சாங்ரி என்று கேளுங்கள். அந்த வன்னி மரத்தின் காய், காய்ந்த சுள்ளி மாதிரி இருக்கும். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் பாத்திரத்தைத் திறந்து பார்க்கும்படி உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.