மாரிசன் ஜிக் யாருடையது?

அன்புள்ள ஐயா,

வயலின் பழகும் என் மகள் 'மாரிசன்ஸ் ஜிக்' என்ற ஐரிஷ் மெட்டை யூடியூபில் கேட்டு வாசிக்கிறாள். அங்கே ஆளுக்கு ஒரு விதமாக வாசிக்கிறார்கள். மாரிசன் எழுதிய சரியான வடிவம் எது?

ர.

அன்புள்ள ர.,

அந்த மெட்டை மாரிசன் இயற்றவில்லை. ஜேம்ஸ் மாரிசன் அயர்லாந்தின் ஸ்லைகோ பக்கத்து வயலின்காரர். நியூயார்க்கில் குடியேறி, இசைத்தட்டுகளால் புகழ்பெற்றவர். அவர் குழுவில் அக்கார்டியன் வாசித்த டாம் கார்மடி, கெரி மாவட்டத்துக்காரர். மெட்டு வந்தது கார்மடியிடமிருந்துதான். அவர் அதைச் சொன்ன பெயர் 'அடுப்புத் திட்டின் மேல் குச்சி'. எவ்வளவு வீட்டு வாசம் வீசும் பெயர்! 1936-இல் இருவரும் சேர்ந்து பதிவு செய்தபோது, தட்டில் டாமின் அப்பா பெயர் ஏறியது: 'மாரிஸ் கார்மடிக்குப் பிடித்தது'. அப்புறம் தட்டைக் கேட்டுப் பழகியவர்கள் வாயில் அது மாரிசனின் ஜிக் ஆகிவிட்டது. கார்மடிகள் இருவரின் பெயரும் இப்படி மறைந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, எது சரியான வடிவம்? ஜிக் என்பது ஒரு வகை நடன மெட்டு. அதன் நடையைத் தகிட தகிட என்று சொல்லிப் பாருங்கள், பிடிபட்டுவிடும். இந்த மெட்டின் ஸ்வரங்கள் நம் கரகரப்ரியாவின் ஸ்வரங்களே. ஷட்ஜத்தை ஐரோப்பிய ஸ்வரமான 'ஈ'யில் (E) வைத்தால், தொடக்கத்தைச் சிலர் 'ஸபஸ பஸப' என்று வில்லை முன்னும் பின்னும் ஓட்டி வாசிப்பார்கள். வேறு சிலர் அதே இடத்தில் ஸவை மூன்று எண்ணிக்கைக்கு நிறுத்தி, பிறகு பவையும் அப்படியே நிறுத்துவார்கள். நிற்கும் ஸ்வரத்தை வெறுமனே விடமாட்டார்கள். மேலும் கீழும் உள்ள ஸ்வரங்களைத் தொட்டு விரலால் ஒரு சுழற்று. அதை 'ரோல்' என்பார்கள். இரண்டும் அடுத்து வந்து சேருமிடம் ஒன்றுதான்: 'ஸபஸ மரிநி', அந்த நி கீழ்நிஷாதம். அந்த இறக்கம் இல்லாமல் போனால்தான் மெட்டு வேறாகிவிட்டது என்பேன். அதுவரை எதுவும் பிழையில்லை. காதால் கேட்டுக் கற்று வந்த இசை இது. நல்ல வாசிப்பாளர் ஒருவரே முதல் சுற்றில் ஒன்றும் திரும்பி வரும்போது இன்னொன்றும் வாசிப்பார்.

உங்கள் மகளும் அப்படியே செய்யட்டும். முதல் சுற்று ஓட்டமாக, அடுத்தது நிறுத்தி. காலால் தகிட தட்டிக்கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள்.