பி.காம், சிஏ: கேள்வி பதில்

தமிழ் வழியில் +2 படித்தேன். சிஏ (பட்டயக் கணக்காளர்) படிப்பு முடியுமா மேடம்? (விருதுநகர் மாணவி)

தாராளமாக முடியும். ஆனால் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும். அதனால் ஆங்கிலத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நம் மாநிலப் பாடநூல் இரண்டு வழியிலும் அதே பாடங்களோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் நன்றாகப் புரிந்த தேய்மானப் பாடத்தையே ஆங்கிலப் புத்தகத்தில் படித்து, அதிலுள்ள கணக்குகளைப் போடுங்கள். சிஏவின் முதல் நிலைத் தேர்வான ஃபவுண்டேஷனின் நான்கு தாள்களில் கணக்கியலும் வணிகச் சட்டமும் விரித்து எழுதுபவை. சட்டத்தில்தான் மொழி தடுக்கும். தினமும் ஒரு சட்டக் கேள்விக்காவது முழு விடை எழுதுங்கள். படித்தால் மட்டும் போதாது, எழுதியே ஆகவேண்டும்.

+2வில் கணிதம் எடுக்கவில்லை, பரவாயில்லையா?

பரவாயில்லை. மூன்றாம் தாளில் வணிகக் கணிதம் 40, லாஜிக்கல் ரீசனிங் 20, புள்ளியியல் 40. தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும், குத்துமதிப்பாக டிக் அடிக்காதீர்கள். ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும்.

பி.காம் முடித்தவருக்கும் ஃபவுண்டேஷன் உண்டா?

55 சதவீதம் இருந்தால் நேரே இரண்டாம் நிலையான இன்டர். வேறு பட்டம் என்றால் 60.

டேலி மென்பொருளே எல்லாம் போட்டுவிடுகிறது. பேரேடு, குறிப்பேடு எல்லாம் கையால் எழுதிப் பழகுவது எதற்கு? (பி.காம் முதலாண்டு, ஈரோடு)

நல்ல கேள்வி. ஒரு கடையின் வங்கிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். நம் ஏட்டில் இருப்பு 84,000. வங்கி அறிக்கையில் 96,500. வித்தியாசம் 12,500. தேடினால் இரண்டு விஷயம் கிடைக்கிறது: நாம் கொடுத்த 13,000 ரூபாய் செக் இன்னும் வங்கிக்கு வரவில்லை, வங்கி 500 ரூபாய் கட்டணம் பிடித்திருக்கிறது, நாம் எழுதவில்லை. வித்தியாசத்தை மென்பொருள் நொடியில் காட்டிவிடும். ஆனால் 500-க்குத்தான் நம் ஏட்டில் பதிவு போட வேண்டும், செக்குக்குப் பதிவு தேவையில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தச் செக் நான்கு மாதம் பழையது என்றால்? செக்குக்கு ஆயுள் மூன்று மாதம்தான். அப்போது அந்தப் பதிவைத் திருப்பி, கொடுக்க வேண்டிய கடனாக மறுபடி காட்ட வேண்டும். இதைத் தீர்மானிப்பவர்தான் கணக்காளர். எந்தப் பக்கம் பற்று, எந்தப் பக்கம் வரவு என்பது கையால் எழுதிப் பழகினால்தான் மனதில் நிற்கும். டேலியும் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டாவதாக.

ஆர்டிகல்ஷிப்பை (ஆடிட்டர் அலுவலகத்தில் பார்க்க வேண்டிய கட்டாயப் பயிற்சி) டம்மியாகப் போட்டுக்கொண்டு கோச்சிங் போகலாமா?

கூடாது. வேலை பார்க்காமல் பார்த்ததாகக் கையெழுத்து வாங்குவது பொய்ச் சான்று. பிறருடைய கணக்கு உண்மை என்று கையெழுத்துப் போடப்போகிறவர் அதில் தொடங்கக் கூடாது.

மேடம், நடைமுறை வேறு. எங்கள் ஆபீசில் வவுச்சர் (வரவு செலவுக்கான ரசீது) சரிபார்த்து டிக் அடிப்பதுதான் வேலை. டம்மியில் போனவர்கள் முதல் அட்டம்ட்டிலேயே பாஸ் ஆகிறார்கள். (ஃபைனல் மாணவர், சென்னை)

சிலர் பாஸ் ஆகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வவுச்சரை மட்டமாக நினைக்காதீர்கள் தம்பி. கணக்காண்டு முடியும் மார்ச் 31 தேதியில் விற்பனை பில், சரக்கு கிளம்பிய டெலிவரி சலானில் ஏப்ரல் 3. டிக் அடிக்கும்போது அந்த இரண்டு தேதியையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஆண்டு லாபம் ஊதிக் காட்டப்பட்டிருக்கிறதா என்ற கேள்வி எழும். இந்தப் பழக்கத்தை எந்த வகுப்பிலும் தர முடியாது. ஃபைனலின் ஆறாம் தாள் புத்தகம் பார்த்தே எழுதுவது, எல்லாப் பாடமும் கலந்த கேஸ் ஸ்டடி. வேலை பார்த்தவருக்குத்தான் அதில் எங்கே தேடுவது என்று தெரியும்.

படிக்க நேரம் யார் தருவார்கள்? மார்ச் முடியும்வரை இரவு பத்து மணிக்குத்தான் விடுகிறார்கள்.

அது ஆபீசின் தப்பு, உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சேரும் முன்பே அங்கே இப்போது இருக்கும் ஆர்டிகல்களிடம் நேரமும் வேலையும் கேட்டுவிடுங்கள். ஆனால் 2023-இல் வந்த புதிய முறையில் பயிற்சி மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்தது. அது முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் ஃபைனல். படிக்கத்தான் அந்த இடைவெளி. படிக்க நேரமில்லை என்று டம்மிக்கு முன்பு சொன்ன காரணமும் இப்போது இல்லை.

+2வில் கணிதம் இல்லாமல்...

மேலே இரண்டாவது பதில். கேட்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஏசிசிஏ (பிரிட்டனின் கணக்காளர் தகுதி) நல்லதா?

வெளிநாட்டு வேலை என்றால் யோசிக்கலாம். அதை வைத்து இந்தியாவில் கம்பெனி ஆடிட்டில் கையெழுத்திட முடியாது.

மாமா கடைக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்திருக்கிறது.

நோட்டீஸைப் பார்க்காமல் சொல்லக் கூடாது. கெடு தேதி அதிலேயே இருக்கும், அதற்குள் உங்கள் ஊர் ஆடிட்டரிடம் எடுத்துப் போங்கள்.

எந்த கோச்சிங் சென்டர்?

பெயர் சொல்ல மாட்டேன். சிஏ தேர்வை நடத்தும் இன்ஸ்டிட்யூட் (ஐசிஏஐ) இலவசமாகத் தரும் ஸ்டடி மெட்டீரியல், ஆர்டிபி (திருப்புதல் வினாத்தொகுப்பு), எம்டிபி (மாதிரித் தேர்வுத் தாள்) மூன்றையும் இறக்கி, கணக்கியலில் முதல் இரண்டு பாடத்தைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். எங்கே சிக்குகிறது என்று தெரிந்த பிறகு வகுப்பு தேடலாம்.

பி.காமில் 57 சதவீதம். ஃபவுண்டேஷன் எழுத வேண்டுமா?

வேண்டாம். இன்டருக்குப் பதிவு செய்யுங்கள்.