வாசகர் கேள்வி – பதில்: மேடையில் யாருக்கு இடம்?

கேள்வி: என் மகள் படிக்கும் கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளியின் ஆண்டு விழாவில் மதிப்பெண்ணுக்கும் விளையாட்டுக்கும் மட்டுமே பரிசு தருகிறார்கள். முதியோர் இல்லத்துக்கு வாரந்தோறும் சென்று வரும் மாணவர்களையும் மேடையேற்ற வேண்டாமா?

பதில்: மேடையேற்றலாம், எப்படி என்பதில்தான் சிக்கல். பள்ளிகள் பல நடத்தும் கத்தோலிக்கத் துறவியரான இயேசு சபையினர் 1599இல் வெளியிட்ட கல்வித் திட்டத்திலேயே பரிசுகளுக்கென்று தனி விதிகள் உண்டு. அணியிலக்கண (பேச்சு, எழுத்துத் திறன்) வகுப்புக்கு மட்டும் இலத்தீன், கிரேக்க உரைநடைக்கும் செய்யுளுக்கும் தலா இரண்டாக எட்டுப் பரிசுகள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆகவே, திறமையைப் பாராட்டுவது இம்மரபுக்கு அந்நியமன்று. ஆனால் அதே சபையின் தலைவராக இருந்த பேத்ரோ அருப்பே, 1973இல் ஸ்பெயினின் வலென்சியாவில் இயேசு சபைப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்களிடையே உரையாற்றியபோது, பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே கல்வியின் முதன்மை நோக்கம் என்று வலியுறுத்தினார். கேட்டவர்களில் சிலருக்கு அது கசக்கவும் செய்தது. அதற்கு முன்பே, 1965இல், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, சுதந்திரமும் அன்பும் நிலவும் சமூகச் சூழலைப் பள்ளி உருவாக்க வேண்டும் என்று கூறியிருந்தது.

தொண்டுக்கும் முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசை வகுத்தால், கண் மங்கிய பாட்டிக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டும் மாணவி, வாசிப்பை விட்டுவிட்டு வருகைப் பதிவேட்டில் மணிக்கணக்கை எண்ணத் தொடங்கிவிடுவாள். (மணிக்கணக்குச் சான்றிதழ்கள் மீது எனக்கு அவ்வளவாக மதிப்பில்லை.) பரிசுக்குப் பதிலாக, தொண்டு செய்யும் மாணவர்களில் இருவர் தாங்கள் அங்கே கண்டதை ஐந்து நிமிடம் பேசட்டும், முதியோர் இல்லத்தினர் இசைந்தால், அவர்களையும் விழாவுக்கு அழைத்து முன்வரிசையில் அமர்த்தலாம். இதைப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் நீங்களே முன்மொழியுங்கள்.