பால் காய்ச்சலாம், படுக்க வேண்டாம்

வீடும் காற்றும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வணக்கம் அக்கா. சிங்கப்பூரின் தெங்காவில், அரசு புதிதாகக் கட்டி விற்ற எங்கள் நாலறை பிடிஓ வீட்டுக்கு ரெனோவேஷன் முடிந்துவிட்டது. படுக்கையறைகளில் கூரை வரைக்கும் அலமாரி, சமையலறையில் மேலும் கீழும் கேபினட், டிவிக்குப் பின்னால் முழுச் சுவருக்கும் பலகை. கதவைத் திறந்தாலே கண் கரிக்கிறது. நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. இப்போதைக்கு ஈசூனில் மாமியார் வீட்டில் இருக்கிறோம். ஆவணியில் நாள் பார்த்தாகிவிட்டது, பால் காய்ச்சிய அன்றே குடியேற வேண்டும் என்கிறார் அத்தை. ஊரிலிருந்து அம்மா, மாசமாக இருக்கும்போது வீடே மாறக்கூடாது என்கிறார். கணவர் இணையத்தில் வாங்கிய மீட்டர் எப்போதும் சிவப்பிலேயே நிற்கிறது. காண்ட்ராக்டரோ, "ரெண்டு அன்னாசிப்பழம் வைங்க, எல்லாம் போயிடும்" என்கிறார். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா?
– தெங்கா வாசகி

பதில்: தங்கச்சி, முதலில் அந்த மீட்டரை அணைத்து டிராயரில் போடச் சொல்லுங்கள். வீடுகளிலும் அலுவலகங்களிலும் காற்று மாதிரி எடுப்பதுதான் பல வருடமாக என் பிழைப்பு. இந்த மலிவு மீட்டர்கள், புதுப் பலகையின் பசையிலிருந்து வந்து கண்ணைக் கரிக்கவைக்கும் ஃபார்மால்டிஹைடு வாயுவுக்கும் கைச்சுத்திகரிப்பானில் இருக்கும் ஆல்கஹாலுக்கும் வித்தியாசம் தெரியாதவை. நகப்பூச்சு அழித்தாலும் சிவக்கும், சென்ட் அடித்தாலும் சிவக்கும். உண்மையான அளவு தெரிய வேண்டுமென்றால் ஜன்னல்களை மூடி வைத்து, சின்னப் பம்பினால் காற்றை ஒரு குழாய் வழியாக இழுத்து, அந்தக் குழாயை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் சொன்ன வரம்பு கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராம், 30 நிமிடச் சராசரி. ஆய்வக அறிக்கை வந்தால் அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கண் கரிப்பது மட்டும் பொய் இல்லை. உங்கள் கண்தான் இப்போதைக்கு அந்த மீட்டரைவிட நல்ல கருவி.

எல்லோரும் பெயிண்டைத்தான் திட்டுகிறார்கள். தண்ணீரில் கரைக்கும் பெயிண்டின் வாடை சில நாளில், போனால் சில வாரத்தில் அடங்கிவிடும். சிலிக்கோன் பூசிய இடத்தில் வரும் புளித்த காடி வாடையும் அப்படித்தான். போதாததற்கு, உட்புறப் பெயிண்டில் ஃபார்மால்டிஹைடு கூடாது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் கொண்டுவந்த தடை 2026 ஜனவரியில் நடப்புக்கு வந்துவிட்டது. உங்கள் வீட்டில் நான் சந்தேகப்படுவது அந்த அலமாரிகளைத்தான். பிளைவுட், துகள் பலகை, எம்டிஎஃப் எனும் மரநார்ப் பலகை எல்லாமே மரத்தைப் பசையால் ஒட்டிச் செய்பவை. அந்தப் பசை பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு. ஈரமும் சூடும் பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வாயுவை விடும். முதல் சில மாதம் அதிகம், பிறகு குறையும், ஆனால் வருடக்கணக்கில் முழுதாக நிற்காது. சிங்கப்பூரில் ஈரத்துக்கும் சூட்டுக்கும் என்ன குறைச்சல்!

அலமாரியின் முகப்பில் லேமினேட் ஒட்டியிருப்பதால் அந்தப் பக்கம் அவ்வளவாக வாயு வராது. பின்பலகை, டிராயரின் அடிப்பக்கம், கீல் பொருத்தத் துளைத்த ஓட்டை, ஒட்டாமல் விட்ட விளிம்பு, இங்கெல்லாம்தான் வரும். காண்ட்ராக்டரிடம் அன்னாசியை விட்டுவிட்டு, வாயு விடும் அளவில் பலகை என்ன தரம் என்று கேளுங்கள். E2 என்றால் மோசம், E1 சுமார், E0 பரவாயில்லை, ஜப்பானியர்களின் F நான்கு நட்சத்திரம் அதையும்விட மேல். வாய்ச்சொல் வேண்டாம், தாளில் காட்டச் சொல்லுங்கள். திறந்து கிடக்கும் விளிம்புகளை ஒட்டித் தரச் சொல்லுங்கள். அது அவர் செய்து தரவேண்டிய வேலைதான்.

அன்னாசி, வெங்காயம், கரி பற்றி: வாடையைக் குறைத்துக் காட்டலாம், வாயு பெரும்பாலும் அப்படியே இருக்கும். செடிகளும் உதவாது. 1989இல் நாசா செய்த சோதனையை வைத்து இன்றும் செடி விற்கிறார்கள், அது மூடிய சிறு பெட்டிக்குள் நடந்த சோதனை. 2019இல் அந்த ஆய்வுகளை மறுபடி கணக்குப் போட்டவர்கள், ஜன்னலைத் திறந்த பலன் கிடைக்க ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்றார்கள். அப்புறம் நீங்கள் எங்கே உட்காருவது? காற்றுச் சுத்திகரிப்பானில் வரும் ஹெப்பா வடிகட்டி தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. ஓசோன் இயந்திரம் கொண்டுவந்து 'சிகிச்சை' செய்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். ஓசோனே நுரையீரலை எரிக்கும் பொருள்.

சரி, எது வேலை செய்யும்? காற்றை வெளியேற்றுவது ஒன்றுதான். வாசற்கதவைத் திறந்து கிரில்லை மட்டும் பூட்டி, சமையலறைப் பக்கத்து ஜன்னலையும் திறந்தால் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் காற்று நேராக ஓடும். எல்லா அலமாரிக் கதவையும் திறந்து, டிராயர்களை இழுத்து வைத்துவிட்டு, ஒரு மின்விசிறியை ஜன்னலுக்கு வெளியே பார்த்தமாதிரி வையுங்கள். மத்தியானச் சூட்டில்தான் பலகை அதிகம் விடும், அதனால் அந்த நேரத்தில் திறந்திருப்பது நல்லது. இதைக் கணவர் போய்ச் செய்யட்டும், நீங்கள் வேண்டாம். புகைமூட்ட நாளில் மட்டும் காற்றுத்தரக் குறியீட்டைப் பார்த்து மூடிவிடுங்கள். ஆவணி புகைமூட்டம் வரக்கூடிய காலம்தான், அந்தக் கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏர்கானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் பலரும் அதில்தான் ஏமாறுகிறார்கள். நம் வீடுகளில் சுவரில் மாட்டும் ஏர்கான் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது. கதவை அடைத்து எட்டு மணி நேரம் தூங்கினால் புது அலமாரி விட்டதெல்லாம் உங்களோடு அறைக்குள்ளேயே இருக்கும். போட்டுத்தான் ஆகவேண்டுமென்றால் ஜன்னலை ஒரு கை அகலம் திறந்து வையுங்கள். மின்கட்டணம் கூடும், கூடட்டும்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்டது. ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. கர்ப்பம் பற்றிய ஆய்வுகளில் நிறைய, ஆய்வகத்திலும் மருத்துவமனையிலும் இதைக் கையாண்ட பெண்களைப் பற்றியவை. கருச்சிதைவு கூடுதல் என்று அவற்றில் சில சொல்கின்றன. வீட்டில் இருக்கும் அளவு பொதுவாக அதைவிடக் குறைவு, அதனால் சாவி வாங்கப் போனதையும் வேலை பார்க்கப் போனதையும் நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அதே சமயம் கர்ப்பிணி ஒரு நிமிடத்தில் இழுக்கும் காற்று 30 முதல் 50 விழுக்காடு வரை கூடும், மூக்கடைப்பும் சேர்ந்துகொள்ளும். தவிர்க்க முடிந்ததை ஏன் சுவாசிக்க வேண்டும்? புது வீட்டில் தலைவலியும் கண்ணெரிச்சலும் வந்து ஈசூன் போனதும் அடங்கினால் காரணம் வீடுதான். ஆஸ்துமா இருந்தால் அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அத்தையின் நாளை மாற்ற வேண்டாம். ஆவணியில் பால் காய்ச்சுங்கள், சாமி படம் வையுங்கள், ஹோமம் வேண்டாம், விளக்கு போதும். சாயங்காலம் ஈசூனுக்கே திரும்பிவிடுங்கள். பால் காய்ச்சிவிட்டுப் பிறகு குடியேறுபவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அம்மா சொன்னதற்கும் அவர் நினைக்காத ஒரு நியாயம் கிடைத்துவிட்டது, போன் செய்து சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். இடம் நெருக்கடிதான், தெரியும். முடிந்தால் குழந்தை பிறந்து பத்தியம் முடியும்வரை அங்கேயே இருங்கள். முடியாவிட்டால், பலகை வேலை குறைவான மூன்றாவது அறையில் படுங்கள். குழந்தைக் கட்டிலையும் மெத்தையையும் இப்போதே வாங்கி, உறை பிரித்துக் காற்றாட விடுங்கள். மிச்சமான பெயிண்ட் டின்களை பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பறையில்) அடுக்கி வைத்திருப்பீர்களே, அவற்றையும் அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: பேத்தி பிறந்து ஒரு மாதம். தலை குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்டால், புது வீடு, புகை ஆகாது என்று மகள் சண்டைக்கு வருகிறாள். நாங்கள் எல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்?
– ஜூரோங் வெஸ்ட் பாட்டி

பதில்: அம்மா, மகள் பக்கம்தான் பேசப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வளர்ந்த வீட்டில் ஓட்டுக்கூரை வழியாகப் புகை போயிருக்கும். மகள் வீட்டில் ஏர்கானுக்காக எல்லாம் அடைத்திருக்கிறது. சாம்பிராணிப் புகையில் நுண்துகளும் உண்டு, கொஞ்சம் ஃபார்மால்டிஹைடும் உண்டு. தலையை மெல்லிய துண்டால் ஒற்றி எடுங்கள், மின்விசிறியைக் குறைவாகச் சுழலவிடுங்கள், காய்ந்துவிடும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை விட மனமில்லையென்றால், குழந்தையை மகள் கீழே புளோக்கடிக்குத் தூக்கிப் போகும் நேரமாகப் பார்த்துப் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு.